குளிர்காலத்துக்கு முன் சைக்கிளைக் கழுவிப் பத்திரப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் நான் கழித்த முதற் குளிர்காலத்தில், என் சைக்கிளை அடுக்குமாடிப் பல்கனியில் நீலத் தார்ப்பாயால் இறுகச் சுற்றி, கயிற்றால் கட்டி, நவம்பர் கடைசியில் விட்டுவிட்டேன். ஏப்ரலில் அவிழ்த்தபோது செயின் முழுவதும் செங்கல் நிறமாக இருந்தது. கையால் தூக்கினால் கண்ணிகள் தொங்கவில்லை. மடிந்த இடத்தில் மடிந்தபடியே விறைத்து நின்றன. சீற் கம்பத்தை இரண்டு பேர் சேர்ந்து முறுக்கியும் அசைக்க முடியவில்லை. பனிதான் சைக்கிளைத் தின்றுவிட்டது என்று அப்போது நினைத்தேன். அது பிழையான எண்ணம். உலர்ந்த குளிர் உலோகத்துக்குப் பெரிய கேடு எதையும் செய்வதில்லை. வீதியிலிருந்து ஏறிய உப்பைக் கழுவாமல், ஈரத்தோடு சேர்த்துத் தார்ப்பாய்க்குள் அடைத்து வைத்ததுதான் கேடு. அதற்குப் பின் வந்த ஒவ்வோர் ஆண்டும் நான் செய்துவரும் வேலைகளை, அவற்றின் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோ வீதிகளில் தூவப்படுவது பெரும்பாலும் கல்லுப்பு, அதாவது நாம் சமையலுக்குப் போடும் அதே சோடியம் குளோரைட். பனி விழுவதற்கு முன்பே அதைக் கரைசலாகவும் தெளிப்பார்கள். ஆகையால் தரையில் பனியே இல்லாத நாளிலும் சில்லு உப்பை வாரி மேலே எறிந்துகொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். வாசற்படிகளில் தூவும் பனியுருக்கிகள் சிலவற்றில் உள்ள கல்சியம் குளோரைட் அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே கசிந்துவிடும். எனவே உப்புப் படிந்த சைக்கிள், பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே நிற்கிறது. இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் நம்பியிருந்தாலும், அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் குளோரைட் துளைத்து, வெண்பொடி பூத்த சிறு குழிகளை உண்டாக்கிவிடும்.

எப்போது தொடங்குவது

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறோம். அந்த வார இறுதியையே நான் இந்த வேலைக்கான நாளாக வைத்திருக்கிறேன். அதற்குப் பிந்தினால், வீட்டுக்கு வெளியே உள்ள தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருப்பதற்காக அதை உள்ளேயிருந்து அடைத்துவிட வேண்டிய காலம் வந்துவிடும். வெளியில் கழுவுவதற்கு வழியிருக்காது. வெயிலும் எட்டுப் பத்துப் பாகை வெப்பமும் உள்ள ஒரு நாள் போதுமானது. கழுவிய நீர் மூலை முடுக்குகளிலிருந்து வடிந்து காய வேண்டும் என்பதால் காலையிலேயே தொடங்குவது நல்லது. டிசம்பர் வரை ஓடுகிறவர்கள், கடைசியாக ஓடிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். உப்போடு நிற்கும் ஒவ்வொரு வாரமும் கணக்கில் சேரும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம், ஒரு மென்மையான பிறஷ், ஒரு பழைய பற்பிறஷ், ஐந்தாறு துணிகள், செயின் கழுவும் கரைப்பான், செயின் எண்ணெய், கிறீஸ், ஒரு தொகுதி அலன் சாவிகள், காற்றழுத்தம் காட்டும் பம்ப் ஆகியவை இருந்தால் போதும். துணிக்குப் பழைய சாரத்தை (லுங்கியை) போல உதவும் பொருள் வேறில்லை. பருத்தி நூல் நீரையும் எண்ணெயையும் நன்றாக உறிஞ்சும், இழை உதிர்க்காது. சைக்கிளைத் தூக்கி நிறுத்தும் தாங்கி இருந்தால் வேலை இலகுவாகும். இல்லாவிட்டால் பழைய துவாயை விரித்து, அதன்மேல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிறேக் உள்ள சைக்கிளை மட்டும் நீண்ட நேரம் தலைகீழாக வைக்க வேண்டாம்; பிடியின் உள்ளே தேங்கியிருக்கும் காற்றுக் குமிழி குழாய்க்குள் இறங்கிப் பிடியைத் தொளதொளக்கச் செய்துவிடக்கூடும்.

கழுவுதல்

பைகள், விளக்குகள், தண்ணீர்ப் போத்தல், வேகம் காட்டும் சிறு கணினி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். விளக்குகளில் சாதாரண அல்கலைன் பற்றரி இருந்தால் அவற்றை இப்போதே வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஐந்து மாதம் உள்ளே கிடந்து கசிந்தால் விளக்கின் தகடுகளை அரித்துவிடும்.

முதலில் செயினையும் பல்லுச் சக்கரங்களையும் கழுவி, அதற்குப் பிறகே சட்டத்தைக் கழுவ வேண்டும் என்பது என் வழக்கம். மாறிச் செய்தால், கழுவி முடித்த சட்டத்தில் கறுத்த எண்ணெய் மீண்டும் தெறிக்கும். ஆயினும் வாசிப்பதற்கு இலகுவாக, கழுவும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். செயினைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

உயர் அழுத்த நீர்க்குழாயைச் சைக்கிளுக்குப் பயன்படுத்தவே கூடாது. கார் கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நீர் சில்லின் நடுவிலுள்ள குடம், பெடல் அச்சு, ஹாண்டில் கழுத்து ஆகிய இடங்களில் உள்ள இறப்பர் தடுப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்து, கிறீஸை வெளியே தள்ளிவிட்டு அங்கேயே தங்கிவிடும். அந்த நீருக்கு வெளியேற வழியில்லை. குளிர்காலம் முழுவதும் அச்சைச் சுற்றியுள்ள சிறு உலோகக் குண்டுகள் அந்த நீரில் ஊறிக்கிடந்து, வசந்தத்தில் சில்லைச் சுழற்றும்போது கரகரவென்று சத்தம் போடும். சாதாரணக் குழாயில் மெல்ல ஓடும் நீரும் வாளியில் முக்கிய துணியும் போதும்.

வெதுவெதுப்பான நீர் உப்பை விரைவாகக் கரைக்கும். முதலில் சவர்க்காரம் இல்லாத வெறும் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு உப்பையும் மண்ணையும் இளக்குங்கள். காய்ந்த மண்ணைத் துணியால் தேய்த்தால் வர்ணத்தில் கீறல் விழும். அதன் பிறகு சவர்க்கார நீரில் தோய்த்த பிறஷால் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியும் இடங்களைவிடத் தெரியாத இடங்களில்தான் உப்பு அதிகமாக இருக்கும். மட்காட்டின் உட்புறம், முன் கவருக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள வளைவு, பெடல் அச்சின் அடிப்பக்கம், பின் பிறேக்குக்குப் பின்னாலுள்ள சிறு பாலம், கம்பிகள் றிம்முக்குள் நுழையும் முனைச் சுரைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முனைச் சுரையைச் சுற்றி அரிசிமாத் தூவியதுபோல ஒரு வெண்மை தெரிந்தால் அங்கே உப்பு இருந்திருக்கிறது என்று பொருள். பற்பிறஷால் ஒவ்வொன்றையும் தேய்க்க வேண்டும். ஒரு சில்லில் வழக்கமாக 28 முதல் 36 கம்பிகள் வரை இருக்கும். இரண்டு சில்லுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அடுக்குமாடியில் வசிப்பவர்கள் குளியல் தொட்டிக்குள் பழைய துவாயை விரித்து அங்கேயே கழுவலாம். செயினை மட்டும் அங்கே கழுவ வேண்டாம். அந்தக் கறுத்த எண்ணெய் தொட்டியில் படிந்தால் எளிதில் போகாது. வடிகாலுக்குள் அதை விடுவதும் தகாது.

கழுவியதும் சைக்கிளைப் பின்சில்லில் நிமிர்த்தி, பிறகு முன்சில்லில் சாய்த்து, இரண்டு மூன்று முறை தரையில் மெல்லத் தட்டுங்கள். சட்டத்தின் குழாய்களுக்குள் புகுந்த நீர் சிறு துளைகள் வழியாகச் சொட்டும். சீற் கம்பத்தைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் தலைகீழாகப் பிடித்தால், உள்ளே நின்ற நீர் ஒரு கோப்பையளவுகூட வருவதுண்டு. துணியால் துடைத்து வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். எண்ணெய் பூசும் எந்த வேலையையும் அது காய்ந்த பிறகே தொடங்க வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெயைப் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

செயின்

சைக்கிளில் அதிக வேலை செய்வதும், அதிகம் கவனிக்கப்படாமல் விடப்படுவதும் செயின்தான். அதைக் கழுவுவதற்கு முன் அளந்து பாருங்கள், ஏனென்றால் தேய்ந்துபோன செயினைக் கழுவுவதில் பயனில்லை. ஒரு செயினில் பக்கத்துப் பக்கத்து ஊசிகளுக்கு இடையிலான தூரம் அரை அங்குலம். ஆகவே ஓர் ஊசியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால், அதற்கு அடுத்த ஊசியை ஒன்று என்று எண்ணிவர, 24 ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால், செயின் அரைச் சதவீதம் நீண்டுவிட்டது. மாற்றுவதற்கு அதுவே சரியான நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால், அது பல்லுச் சக்கரங்களையும் தேய்த்துவிட்டிருக்கும். புதிய செயின் போட்டாலும் பழைய பற்களில் அது வழுக்கும். இந்த அளவை எடுக்க இரண்டு நிமிடம் போதும், அது பல்லுச் சக்கரத் தொகுதியின் விலையை மிச்சப்படுத்தும்.

செயின் நல்ல நிலையில் இருந்தால், லொக் (செயினைக் கழற்றிப் பூட்ட உதவும் கண்ணி) உள்ள செயினைக் கழற்றி ஒரு போத்தலில் போட்டு, கரைப்பானை ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். லொக் இல்லாவிட்டால் சைக்கிளிலேயே வைத்து, கரைப்பான் தோய்த்த பிறஷால் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றியபடி தேய்க்கலாம். கியர் மாற்றியிலுள்ள இரண்டு சிறு கப்பிகளில் கறுத்த மெழுகுபோல ஒரு அழுக்கு வளையமாகப் படிந்திருக்கும். தட்டையான குச்சியால் அதைச் சுரண்டி எடுக்காமல் செயினை மட்டும் கழுவினால், அடுத்த சுழற்சியிலேயே அது மீண்டும் செயினில் ஏறிவிடும்.

யாழ்ப்பாணத்தில் 1990 இற்குப் பிறகு எரிபொருள் தடை நீடித்த காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் பொன்போல இருந்தது. என் தகப்பனார் செயின் கழுவிய மண்ணெண்ணெயை ஒரு பால்மாப் பேணியில் மூடி வைப்பார். இரண்டு நாளில் கறுத்த சேறு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வேறொரு பேணிக்கு வடித்து அடுத்த முறைக்கும் பாவிப்பார். இன்று நான் கடையில் வாங்கும் கரைப்பானையும் அதேபோலத்தான் வடித்து இரண்டு மூன்று முறை பயன்படுத்துகிறேன். அடியில் படியும் சேற்றையும், இனிப் பயன்படாத கரைப்பானையும் நகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம். மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ நிலவறையில் பயன்படுத்த வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்குள்ள நிலவறைகளில் வெப்பமூட்டும் உலையும் வெந்நீர்த் தாங்கியும் எரிந்துகொண்டிருக்கும், ஆவி அங்கே போய்ச் சேரும்.

அந்தக் காலத்தில் கிறீஸ் கிடைக்காதபோது தேங்காய் எண்ணெயையும் செயினுக்கு விட்டிருக்கிறோம். ஊர் வெப்பத்துக்கு அது ஏதோ சமாளித்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகையை அண்டியே உறைந்துவிடும். ஆகையால் கனடாவின் நவம்பரில் அது செயினுக்குள் இறங்காமல் மேலே வெண்மையாகக் கட்டியாகிவிடும். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொன்னாலும் இங்கே அதைச் செய்ய வேண்டாம். டபிள்யூடி-40 என்னும் தெளிப்பைச் செயினுக்கு விடலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். 1953 இல் சான் டியாகோவில் அது உருவானது நீரை விரட்டுவதற்காக. அந்தப் பெயரின் பொருளும் அதுவே. கழுவிய செயினின் ஊசிகளுக்குள் நிற்கும் நீரை வெளியேற்ற அது நல்ல பொருள். ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. அதைத் தெளித்து, துடைத்து, காயவிட்டு, அதன்மேல் முறையான செயின் எண்ணெயை இட வேண்டும்.

செயின் எண்ணெயில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. கோடையில் தூசி ஒட்டாமல் இருக்க உலர் வகை நல்லது. நிறுத்தி வைப்பதற்கு, தடித்து ஒட்டி நிற்கும் ஈர வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். செயினின் உட்பக்கத்தில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி விடுங்கள். உருளைகள் நூற்றுக்கு மேல் இருக்கும், பொறுமை வேண்டும். கையால் பெடலை ஒரு நிமிடம் பின்னோக்கிச் சுழற்றுங்கள், எண்ணெய் ஊசிகளுக்குள் இறங்க ஓர் இரவு விடுங்கள், மறுநாள் வெளிப்புறத்தைத் துடையுங்கள். சவாரிக்கு முன் என்றால் விரலில் ஒட்டாத அளவுக்குத் துடைப்பேன். நிறுத்தி வைப்பதற்கு முன் விரலில் மெல்லிய மினுக்கம் தெரியும் அளவுக்கு விட்டுவிடுவேன்; துருவுக்கு எதிராக நிற்பது அந்தப் படலந்தான்.

சீற் கம்பமும் மற்ற ஆணிகளும்

இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியச் சீற் கம்பம் இருக்கும் சைக்கிள்கள் ஏராளம். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடையில் உப்பு நீர் புகுந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடுகிறது. அலுமினியம் அரிந்து வெண்பொடியாகிப் பருத்து, கம்பத்தைக் குழாயோடு இறுக்கிவிடும். என் முதற் சைக்கிளுக்கு நடந்தது இதுதான். கடைசியில் கம்பத்தை வாளால் அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று.

தடுப்பது மிக எளிது. முதலில் கம்பம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு ஒட்டு நாடாவால் அடையாளம் இடுங்கள். கம்பத்தைக் கழற்றி, அதையும் குழாயின் உட்புறத்தையும் துடைத்து, கம்பத்தில் மெல்லிய கிறீஸ் பூசி, மீண்டும் பொருத்துங்கள். கார்பன் கம்பமோ கார்பன் சட்டமோ என்றால் கிறீஸ் வேண்டாம். அதற்கென விற்கப்படும் கார்பன் பசையையே பூச வேண்டும். பெடல்களையும் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் புரிகளில் கிறீஸ் பூசுங்கள். இடப்பக்கப் பெடலின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது; அதைக் கழற்றுவதற்கு வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் பலர்.

இரும்புச் சட்டம் வைத்திருப்பவர்கள், கம்பம் வெளியே இருக்கும்போதே குழாய்களுக்குள் துருத் தடுப்புத் தெளிப்பைத் தெளித்து, சட்டத்தை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பரவவிடுவது நல்லது. வர்ணம் பெயர்ந்த இடங்களில் ஒரு சொட்டு நகப்பூச்சுப் போதும். சட்டத்துக்குக் கார் மெழுகு பூசுவது விருப்பத்தைப் பொறுத்தது. பூசினால் அடுத்த முறை கழுவுவது இலகு. டிஸ்க் தட்டிலும் றிம்மின் பிறேக் படும் பக்கத்திலும் மட்டும் அது படவே கூடாது.

பிறேக்கும் வயர்களும்

றிம்மைப் பிடிக்கும் பிறேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இறப்பருக்குள் மணலும் மின்னும் அலுமினியத் துணுக்குகளும் குத்தி நிற்கும். ஊசி முனையால் அவற்றைக் கிளறி எடுத்து, மேற்பரப்பை மணற்றாளால் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். தேய்வைக் காட்டும் பள்ளங்கள் மறைந்துவிட்டால் புதிய கட்டைகள் வேண்டும். டிஸ்க் பிறேக் என்றால், தட்டை ஐசோபுறோப்பைல் அல்ககோல் தோய்த்த சுத்தமான துணியால் துடையுங்கள். அருகில் எந்தத் தெளிப்பு எண்ணெயையும் பயன்படுத்த வேண்டாம். ஒரு துளி பட்டாலும் பிறேக் கட்டைகள் அதை உறிஞ்சிப் பிடிப்பை இழந்துவிடும். சில்லைக் கழற்றி வைக்கும்போது கட்டைகளுக்கு இடையில் மடித்த தடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். வீட்டுப் பிள்ளைகள் தவறிப் பிறேக் பிடியை அழுத்தினால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கியரை மிகச் சிறிய பல்லுச் சக்கரங்களுக்கு இறக்கிவிடுங்கள். வயர் தளர்ந்துவிடுவதால், அதன் உறையை இருப்பிடத்திலிருந்து வெளியே இழுத்து, உள்ளே மறைந்திருந்த வயரைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் இட்டு மீண்டும் பொருத்த முடியும். வயரின் இழைகளில் ஒன்றேனும் அறுந்திருந்தால் அந்த வயரை மாற்றிவிடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே எந்தப் பகுதியாவது தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். சில்லின் மேற்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். முன்பிறேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பெடல் தண்டுகளைச் சட்டத்தை நோக்கித் தள்ளி இழுங்கள். எங்கேனும் டக் என்று கேட்டால் குறித்து வையுங்கள். இந்த நகரத்தின் சைக்கிள் கடைகளில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஜனவரி, பெப்ரவரியில் கொடுத்தால் நிதானமாகப் பார்த்துத் தருவார்கள். தாமே செய்து பழக விரும்புகிறவர்களுக்குப் பைக் பைரட்ஸ் போன்ற தன்னார்வலர் கூடங்களில் கருவிகளும் கற்றுக்கொடுப்பவர்களும் உண்டு.

ரயர்

ரயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றை நிரப்பிவிடுங்கள். காற்றில்லாமல் நின்றால் சைக்கிளின் பாரம் முழுவதும் மடிந்த இறப்பரின் ஒரே இடத்தில் விழுந்து அங்கே வெடிப்பு உண்டாகும். குளிரிலும் அழுத்தம் இறங்கும். 20 பாகை வெப்பமுள்ள வீட்டில் 60 பிஎஸ்ஐ அடித்த ரயர், வெப்பமூட்டாத கராஜில் மறை 10 பாகையில் ஏறத்தாழ 52 பிஎஸ்ஐ காட்டும். காற்று எங்கும் கசியாமலே இவ்வளவு குறைவதால், ஓட்டை விழுந்துவிட்டது என்று எண்ணி ரியூப்பைக் கழற்றத் தேவையில்லை. ரியூப் இல்லாத ரயர்களில் உள்ள அடைப்புத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும்; அதை இப்போது நிரப்பாமல் வசந்தத்தில் நிரப்புவதே சிக்கனம்.

எங்கே வைப்பது

வெப்பம் ஏறி இறங்காத, உலர்ந்த இடம் வேண்டும். குளிராக இருப்பது குற்றமில்லை. 20 பாகையும் 40 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு வீட்டுக்குள், 6 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகத்தைக் கொண்டுவந்தாலும் அதன்மேல் நீர் பூக்கும். வெளியிலிருந்து வந்தவுடன் மூக்குக் கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளிலும் அதுவே நடக்கிறது, சட்டத்துக்கு உள்ளேயும் நடக்கிறது. ஆகவே கராஜில் வைத்தால் குளிர்காலம் முழுவதும் கராஜிலேயே இருக்கட்டும். நிலவறையில் வைத்தால் அங்கேயே இருக்கட்டும். வாரந்தோறும் இடம் மாற்றுவதுதான் கெடுதல். காரையும் அதே கராஜில் நிறுத்துகிறவர்கள், காரிலிருந்து உருகி வடியும் உப்பு நீர் சைக்கிளின் சில்லுக்கு அடியில் தேங்காமல் பார்க்க வேண்டும். சுவரில் தொங்கவிட்டால் அந்தக் கவலை இல்லை. நிலவறையில் உலை, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் போன்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மின்மோட்டார்கள் வெளிவிடும் ஓசோன் இறப்பரை வெடிக்கச் செய்யும்.

தொங்கவிடுவதற்குக் கொக்கியைச் சுவரின் ஜிப்சம் பலகையில் மட்டும் திருகினால் ஒரு நாள் அது பெயர்ந்து விழும். உள்ளே நிற்கும் மரத்தில் திருக வேண்டும். இங்குள்ள வீடுகளில் அந்த மரங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். சாதாரணச் சைக்கிள் பத்து முதல் பதினைந்து கிலோ வரை இருக்கும். மின்சைக்கிள் இருபத்தைந்து கிலோவையும் தாண்டுவதுண்டு; அதைத் தரையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

மூடுவதற்குப் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பே போதும். பல்கனியைத் தவிர வேறு இடம் இல்லாதவர்கள் முதலில் கட்டட விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால், விரிப்பின்மேல் நீர்புகா உறையைத் தளர்வாகப் போட்டு அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். காற்று உள்ளே வந்துபோக வேண்டும். சீற்றைக் கம்பத்தோடு கழற்றி வீட்டுக்குள் வைத்து, திறந்த குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். திறந்து தெரியும் ஆணித் தலைகளை எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பொது நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வைப்பவர்கள், பெடல் அச்சின் அடியில் பொறித்துள்ள இலக்கத்தைப் படம் எடுத்து வைப்பதோடு, சட்டத்தையும் பின்சில்லையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஐந்து மாதம் அசையாமல் நிற்கும் சைக்கிள் திருடர் கண்ணில் எளிதாகப் படும்.

மின்சைக்கிளின் பற்றரி

பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள், 10 முதல் 20 பாகை வரையுள்ள உலர்ந்த இடத்தில், தீப்பற்றும் பொருட்களுக்கும் வெளியேறும் வாசலுக்கும் தள்ளி வையுங்கள். முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்க வேண்டாம். பாதியளவு, அதாவது 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பதே நல்லது. பூச்சியம் பாகைக்குக் கீழே லிதியம் பற்றரியை ஏற்றக் கூடாது. அந்தக் குளிரில் லிதியம் உள்ளே உரிய இடத்தில் புகாமல் உலோகமாகப் படிந்து, பற்றரியை நிரந்தரமாகக் கெடுக்கும்; உள்ளே மின்குறுக்குச் சுற்று உண்டாகித் தீப்பிடிக்கவும் கூடும். குளிரில் கிடந்த பற்றரியைச் சில மணி நேரம் வீட்டுச் சூட்டில் வைத்த பிறகே மின்னில் இணையுங்கள். 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் ஒரு மின்சைக்கிள் தீப்பற்றியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். வீங்கிய, அடிபட்ட, நீர் புகுந்த பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். விற்றவரிடமோ அபாயக் கழிவு நிலையத்திலோ சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடுவது ஆபத்தானது.

இடையிலும் இறுதியிலும்

மாதம் ஒரு முறை போய் மூடியை விலக்கிப் பாருங்கள். செயினில் விரலை ஓட்டி எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், ரயரில் காற்றைச் சரிபாருங்கள், பற்றரி 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றுங்கள். தரையில் நிற்கும் சைக்கிளின் சில்லுகளைக் கால்வட்டம் உருட்டிவிடுங்கள்.

ஏப்ரலில் பனி உருகியவுடன் வெளியே எடுக்க மனம் துடிக்கும். ஓரிரு நல்ல மழை பெய்து வீதியோரத்து உப்பும் சல்லியும் கழுவப்படும் வரை பொறுப்பது நல்லது. வெளியே எடுத்ததும் செயினின் பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாக விடுங்கள், காற்றை நிரப்புங்கள், ஹாண்டில், சீற், சில்லு ஆணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று கையால் திருகிப் பாருங்கள். பிறகு கட்டடத் தரிப்பிடத்தில் நடை வேகத்தில் ஐந்தாறு முறை முன்பிறேக்கையும் பின்பிறேக்கையும் தனித்தனியே பிடித்து, இரண்டும் சில்லை நிறுத்துவதை உறுதிசெய்துகொண்டே வீதியில் இறங்குங்கள்.